பால் காய்ச்சிய கொட்டகை

1

சென்ற வியாழக்கிழமையோடு எங்கள் கொட்டகைக்கு ஒரு வயது நிறைந்தது. கொட்டகைக்கு எவளாவது பிறந்தநாள் பார்ப்பாளா என்று கேட்பீர்கள். நானாகப் பார்க்கவில்லை. அதில் நாங்கள் பால் காய்ச்சிய தேதியை இந்த ஊர்க் கவுன்சில் கோப்பில் ஏற்றி வைத்திருக்கிறது. ‘அன்று காலை கட்டடத்துக்குள் பால் கொதிக்க வைக்கப்பட்டது’ என்று முத்திரையோடு ஒரு காகிதம் என் அலமாரியில் இருக்கிறது. என் கல்யாணத் தேதிக்குக்கூட அவ்வளவு உறுதியான அத்தாட்சி கிடையாது.

அதே வியாழக்கிழமைத் தபாலில்தான் கவுன்சிலின் கடைசிக் கடிதமும் வந்தது. கொட்டகை நிற்குமா, இடிபடுமா என்பது அதற்குள் இருந்தது. பிரிக்கத் தைரியம் வரவில்லை. கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் இந்த வம்பு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் ஊர் மல்லசமுத்திரத்தில் என் கொழுந்தனார் சொல்லித் திரிகிற கதையைத்தான் நீங்கள் நம்புவீர்கள்.

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து இருபத்துமூன்று வருஷம் ஆகிறது. லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன டவுன். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டினார். ஒரே மகள், லண்டனில் கம்ப்யூட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் போன் பண்ணுவாள். இங்கே வருவதற்கு முன்னால் அவர் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரைவர். ரிக் வண்டியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருஷத்தில் ஒன்பது மாதம் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டுக்கொண்டே சுற்றி, லாரிக்கு அடியில் படுத்து, மூன்று கல்லைக் கூட்டிச் சோறாக்கித் தின்ற மனுஷன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முழங்கால் தேய்ந்து வேலையை விட்டு நின்றார். அன்றோடு பேச்சும் நின்றது. எங்கள் பிளாட் மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாட்டின் ஜன்னல்தான் தெரியும். காலையில் குளித்து, சட்டை மாட்டி, தலை சீவி, சோபாவில் உட்காருவார். நான் சாயங்காலம் திரும்பி வரும்போதும் அதே சட்டை, அதே சோபா. டிவி கூடப் போட்டிருக்க மாட்டார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதே சோபாவில் உட்கார்ந்தார். இந்த மனுஷன் என் கண் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்.

2

அப்படி இருந்தவர் ஒருநாள் பேப்பரை நீட்டி, ஒரு விளம்பரத்தைக் காட்டினார். தனியாருக்குச் சொந்தமான நாலு ஏக்கர் காடு விற்பனைக்கு. டவுனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், அப்புறம் கொஞ்சம் நடை. கரண்ட் இல்லை, குழாய் இல்லை, ரோடும் பேருக்குத்தான். பல மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து முழுசாக ஒரு வாக்கியம் வந்தது. “ஏம்புள்ள, காடு ஒண்ணு வாங்கிப்போடலாமா?”

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலையை விட்டு நின்றபோது கையில் கொடுத்த பணத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார். பத்திரம் இரண்டு பேர் பேரிலும்.

இந்த இடத்தில்தான் மல்லசமுத்திரத்துக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பை அவர் செய்தார். நம் பக்கம் காடு என்றால் என்ன? ஆமணக்கும் கடலையும் சோளமும் போட்ட சொந்த நிலம். நடுவில் ஒரு ஓலைச் சாளை. அதில் மனுஷன், மாடு, உரமூட்டை, நாய் எல்லாம் ஒன்றாகக் குடியிருக்கும். சொந்தக் காட்டில் படுக்க எவனிடம் போய்க் கேட்பது? ஊருக்குள் வீடு இருந்தாலும் காட்டில் படுக்கிறவன்தான் ஒழுங்கான விவசாயி என்று பேர் வாங்குவான். அந்த நினைப்பிலேயே அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இங்கே அப்படி இல்லை. காடு உங்களுடையது, மரம் உங்களுடையது, விழுந்து கிடக்கிற இலையும் உங்களுடையது. ஆனால் அதில் குடியிருக்கக் கூடாது. விறகு வெட்டலாம். கூடாரம் போட்டு எப்போதாவது தங்கலாம், வருஷத்துக்கு இருபத்தெட்டு நாள் வரைக்கும். கருவிகளை வைக்க ஒரு கொட்டகை வேண்டுமென்றால் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுக் கட்டலாம். வீடு என்று வந்துவிட்டால் பிளானிங் அனுமதி வேண்டும். காட்டுக்குள் அது கிடைக்காது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்களே, அந்தப் பூசாரியின் ஆபீஸ் எங்கள் டவுனில் நூலகத்துக்கு மேல்மாடியில் இருக்கிறது.

பக்கத்துக் காட்டுக்காரர் டெரெக் என்று ஒருவர். நெஞ்சுவரை தாடி. அவர் பல வருஷமாகத் தன் காட்டில் ‘குடியிருக்காமல்’ இருக்கிறார். காலையில் போனால் அங்கே பல் விளக்கிக்கொண்டிருப்பார், கேட்டால் இப்போதுதான் வந்தேன் என்பார். அவர்தான் எங்களுக்கு இந்தச் சட்டத்தின் சூட்சுமத்தைச் சொன்னார். யாரும் ஆட்சேபிக்காமல் பத்து வருஷம் குடியிருந்துவிட்டால் அதற்குப் பிறகு நம்மை அங்கிருந்து கிளப்ப முடியாதாம். ஆனால் ஒளிந்து குடியிருந்ததாகத் தெரிந்தால் அந்தப் பத்து வருஷமும் செல்லாதாம், தப்பு இன்னும் பெரிதாகிவிடுமாம். ஒளியவும் கூடாது, யார் கண்ணிலும் படவும் கூடாது. என் வீட்டுக்காரர் இதை நிதானமாகக் கேட்டுவிட்டு, அவர் போனதும் என்னிடம், நமக்கு எதற்கு இந்த வித்தையெல்லாம், கருவிக் கொட்டகை என்றே எழுதிக் கொடுத்துக் கட்டுவோம் என்றார்.

முறைப்படி படிவம் போட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் கட்டினார். சாய்ந்த மரத்தை அறுத்துத் தூண், மேலே தகரம். மழைத்தண்ணீருக்குப் பீப்பாய். அப்புறம் ரிக்காரர் சும்மா இருப்பாரா? டவுனில் தமிழ்க்கடையிலிருந்து ஒரு தேங்காய் வாங்கி, நிலத்தடித் தண்ணீர் பார்க்க அதை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு காடு முழுக்க நடந்தார். ஒரு இடத்தில் தேங்காய் நட்டமாக எழுந்து நின்றது. எனக்கே சிலிர்த்துவிட்டது. போர் போட இன்னொரு அனுமதி வேண்டும் என்று தெரிந்தபின் அந்தத் தேங்காயை நான் சட்னி அரைத்துவிட்டேன்.

ஆனால் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். காலைச் சாப்பாடு முடித்துப் பஸ் ஏறுவார், பொழுது இறங்கத் திரும்புவார். வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் நரியைப் பற்றி, காளானைப் பற்றி, இடி விழுந்த மரத்தைப் பற்றி ஓயாமல் பேசுவார். வாயை மூட மாட்டீர்களா என்று நான் கத்துவேன். கத்திவிட்டுச் சமையலறையில் போய்ச் சந்தோஷப்படுவேன். அந்தக் கொட்டகை இல்லாவிட்டால் இவர் திரும்பச் சோபாவுக்குப் போய்விடுவார் என்பது எனக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

3

கொட்டகை முடிந்ததும் பால் காய்ச்ச வேண்டும் என்றார். நியாயம்தான். நம் பக்கம் எதற்குத்தான் பால் காய்ச்சவில்லை? கோழிப்பண்ணை போட்டால், லாரிப் பட்டறை திறந்தால், தறிக்கூடம் வைத்தால், மோட்டார் ரூம் கட்டினால்கூடப் பாலைப் பொங்க வைத்துத்தான் உள்ளே போவோம். கருவிக் கொட்டகைக்கும் காய்ச்சலாம் என்று நானும் தலையாட்டினேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறேன் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

போனில் விஷயத்தைக் கேட்ட கொழுந்தனார், எங்களைக் கேட்காமலே திருச்செங்கோட்டில் பத்திரிகை அடித்துவிட்டார். மஞ்சள் அட்டை, மேலே பிள்ளையார், கொட்டை எழுத்தில் ‘புதுமனை புகுவிழா’. இடம் என்ற வரியில் ‘இங்கிலாந்து, சொந்தக் காடு’. எனக்குக் கோபம் தலைக்கேறியது. போன் போட்டு, தம்பி, அது மண்வெட்டி வைக்கிற கொட்டகை, அதற்கு எதற்குப் பத்திரிகை என்று பிடிபிடியென்று பிடித்தேன்.

அவர் நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டார். அப்புறம், “பத்திரிகை அடிக்கலீன்னா சொந்தபந்தம் ஒறம்பரையெல்லாம் என்னையத்தானுங்க அண்ணி பேசும். ஊட்டைத் தம்பி எடுத்துக்கிட்டான், அண்ணன் ஊடு கட்டுனதைச் சொல்லக்கூட இல்லைம்பாங்க” என்றார்.

அதற்கு மேல் நான் திட்டவில்லை. நாங்கள் இங்கே கிளம்பி வரும்போது, அப்பா அம்மாவை வைத்துப் பார்க்கிறவன் தம்பிதான் என்று, என் வீட்டுக்காரர் தன் பங்கு வீட்டைத் தம்பிக்கே விட்டுக்கொடுத்தார். விடுதலைப் பத்திரம். ‘மேற்படி வீட்டில் எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை’ என்று எழுதி, அவர் கையெழுத்துப் போடும்போது நான் பக்கத்தில் நின்றேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஊருக்குப் போனால், தான் பிறந்த வீட்டில் அவர் விருந்தாளி. உள்ளே காலை வைத்ததும் எத்தனை நாள் லீவு என்று கேட்பார்கள். பாசமாகத்தான் கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டுதான் பதில் சொல்வார்.

அந்தப் பத்திரிகையை மகளுக்கு அனுப்பினேன். சின்னப் பிள்ளையில் பத்து வருஷம், சனிக்கிழமை தவறாமல் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான். ஒரு வரி தமிழ் படிக்கச் சொன்னால் வயிற்றுவலி என்பாள். இப்போது என்ன வந்ததோ, அப்பா புதுவீடு புகுகிறார் என்று பத்திரிகையை அச்சுப் பிசகாமல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, படத்தோடு ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டாள். வாழ்க்கையில் அவள் தமிழைச் சரியாகப் படித்தது அந்த ஒரு தடவைதான்.

விழாவுக்கு இருபது குடும்பம் வந்தது. குறுகல் ரோட்டில் கார் வரிசை. ஹோமப் புகை மரத்துக்கு மேலே எழுந்தது. பட்டுச்சேலை கட்டிய பெண்கள் சேற்றில் வழுக்கி விழுந்தார்கள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அந்த நேரம் பார்த்து நாயைக் கூட்டிக்கொண்டு நடைபோக வந்த ஒரு பெரியவர் வேலி ஓரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அவருக்கும் ஒரு பொட்டலம் கேசரி கொடுத்தோம். அவர் நன்றி சொல்லி வாங்கித் தின்றுவிட்டு, வீட்டுக்குப் போய்க் கவுன்சிலுக்குப் புகார் எழுதினார்.

4

மூன்று வாரம் கழித்துக் கவுன்சிலிலிருந்து ஹெலன் என்ற அதிகாரி வந்தார். நாற்பது வயதிருக்கும், கையில் கோப்பு, முழங்கால்வரை பூட்ஸ். நல்ல பெண். அதுதான் பிரச்சினை, கெட்டவளாக இருந்தால் நாங்களும் ஜாக்கிரதையாக இருந்திருப்போம்.

வாசலில் என் வீட்டுக்காரர் அவரை மிக மரியாதையாக வரவேற்று, பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார். அவரும் சேற்றில் ஒற்றைக்காலில் ஆடிக்கொண்டு கழற்றினார். பாய் விரித்து உட்கார வைத்தோம். அடுப்பு மூட்டி டீ போட்டோம். சாப்பிட்டீர்களா என்று கேட்டு, வேண்டாம் வேண்டாம் என்றவருக்கு முறுக்கும் வைத்தோம். இரண்டாவது முறுக்குக்குக் கையை நீட்டும்போது அவர் பத்திரிகையின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கோப்பிலிருந்து எடுத்தார்.

அடுத்த வாரம் அறிக்கையின் நகல் வந்தது. அதைப் படித்து நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ‘நுழைவிடத்தில் காலணிகளைக் கழற்றுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டேன். அங்கே நான்கு ஜோடிக் காலணிகள் வரிசையாக இருந்தன. உள்ளே கயிற்றுக் கட்டில் ஒன்று, அடுப்பு ஒன்று, பாத்திரங்கள், தெய்வப் படங்கள், தேதி கிழிக்கும் நாட்காட்டி. எனக்கு உணவு அளிக்கப்பட்டது. இவை குடியிருப்புக்குரிய பழக்கங்கள்.’ கருவிக் கொட்டகை என்று அனுமதி வாங்கி வீடாக்கிவிட்டோம் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் மூன்று மாதத்துக்குள் இடித்து, இருந்த மாதிரியே தரையை ஆக்கித் தர வேண்டும்.

இனிமேல் விருந்து உபசாரம் செய்தால் பாருங்கள் என்று நான் வீட்டில் கூச்சல் போட்டேன். அன்றைக்கே ஒரு சட்டமும் போட்டேன். அந்தக் கொட்டகைக்குள் யாரும் செருப்பைக் கழற்றக் கூடாது. சேறு இருந்தாலும் சரி, உள்ளே மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். அப்போதுதான் அது கொட்டகை. என் வீட்டுக்காரர் முருகன் படத்துக்கு முன்னால் பூட்ஸோடு நின்று, மன்னிச்சுக்கங்க சாமி, கவுன்சில் உத்தரவு என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். நான் அப்படி நிற்கவே மாட்டேன்; வாசலிலேயே நின்று, சாப்பாட்டுத் தூக்கை நீட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். எனக்கு இது வீடு இல்லை, ஒன்றும் இல்லை, உங்கள் கொட்டகை, உங்கள் கூத்து என்று சொல்லிக்கொண்டே பஸ் ஸ்டாப்புக்கு நடப்பேன்.

5

ஹெலன் எங்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். இது குடியிருப்பு இல்லை என்பதற்கு ஆதாரம் இருந்தால் தரலாம். நான் கொழுந்தனாருக்குப் போன் போட்டு, கிணறு வெட்டப் பூதத்தைக் கிளப்பிவிட்டது நீங்கள்தான், நீங்களே அடக்குங்கள் என்றேன். பாவம், அந்த மனுஷன் தன் மொபெட்டை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தார். நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணை, இளம்பிள்ளையில் ஒரு தறிக்கூடம், சங்ககிரி ரோட்டில் ஒரு லாரிப் பட்டறை என்று பால் காய்ச்சிய இடமெல்லாம் போய்ப் படம் வாங்கி அனுப்பினார். கோழிப்பண்ணைக்காரர் பத்திரிகையே கொடுத்துவிட்டார். அதிலும் கொட்டை எழுத்தில் ‘புதுமனை புகுவிழா’. அச்சகத்தில் அந்த மஞ்சள் அட்டைக்கு அது ஒன்றுதான் தயாராக இருக்கிறதாம்.

ஹெலனின் மேஜை மேல் அவற்றைப் பரப்பினேன். ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு நடுவில் வேட்டி கட்டிய நாலு பேர் பால் பானையைப் பார்த்துக் கும்பிடுகிற படம். அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு, இந்தக் கட்டடத்தில் மனிதர் யாரும் வசிக்கவில்லையா என்று கேட்டார். கோழி மட்டும்தான் என்றேன். கோழி என்று எழுதிக்கொண்டார்.

அடுத்தது ராத்திரிக் கணக்கு. பிளாட்டில் மாட்டியிருந்த மாத நாட்காட்டியில் என் வீட்டுக்காரர் காட்டில் தங்கிய ராத்திரிகளை நான் முன்பே சிவப்பு மையில் சுழித்து வைத்திருந்தேன். கடைசிப் பஸ்ஸை விட்டுவிட்டுத் தங்கிய ராத்திரியும் சேர்த்துப் பத்தொன்பதுதான். ஹெலன் முகம் தெளிந்தது. என் வாய் சும்மா இருக்காமல், ஆனால் மத்தியானம் சாப்பிட்டதும் அந்தக் கட்டிலில் ஒரு மணி நேரம் தூங்குவார், அது எந்தக் கணக்கில் வரும் என்று கேட்டுவிட்டேன். ஹெலன் மேலதிகாரியைக் கேட்கப் போனார். மேலதிகாரி புத்தகத்தைப் பார்த்தார். இருவரும் திரும்பி வந்து, பகல் தூக்கத்தைப் பற்றி விதிகளில் ஒன்றும் சொல்லப்படவில்லை, ஆனால் தினமும் அதே நேரத்தில் தூங்காமல் இருப்பது நல்லது என்றார்கள். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் ஒருநாள் ஒரு மணிக்கும் ஒருநாள் மூன்று மணிக்கும் தூங்குகிறார்.

6

எல்லாம் கூடிவந்த நேரத்தில் கடைசியாக ஒரு கேள்விப் படிவம் வந்தது. உரிமையாளர் ஒவ்வொருவரும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். எங்கே தபால் வருகிறது, எங்கே ஓட்டு இருக்கிறது, எந்த டாக்டர் என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் பிளாட்டின் விலாசம்தான். உண்மையும் அதுதான். என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அழகாக எழுதிக்கொண்டே வந்து, பதினோராவது கேள்வியில் பேனாவை வைத்துவிட்டார்.

‘இந்தக் கட்டடம் உங்கள் வீடா?’ என்பது கேள்வி. ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

நான் முதலில் அன்பாகச் சொன்னேன். நீங்கள் அங்கே குடியிருக்கவில்லை, ராத்திரி இங்கேதான் வருகிறீர்கள், பொய் ஒன்றும் இல்லை, எழுதுங்கள் என்றேன். அவர் பேனாவைத் தொடவில்லை. அப்புறம் கத்தினேன். இந்த ஒரு சொல்லுக்காகக் கொட்டகையை இடித்துவிடுவார்கள், அப்புறம் திரும்பவும் அந்தச் சோபாவில் உங்களைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது, நான் செத்தே போவேன் என்றேன். அப்படியெல்லாம் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது.

அவர் நிதானமாக என்னைப் பார்த்தார். “பால் பொங்குன எடம் புள்ள. அதைப் போயி ஊடு இல்லைன்னு எப்பிடி எழுதறது?”

“கோழிப்பண்ணையிலயுந்தானுங்க பால் பொங்குச்சு. அதென்ன ஊடா?”

“கோழிக்கு அதுதான ஊடு” என்றார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. “ஒருக்கா எழுதிக் குடுத்துப்போட்டேன், எனக்கு ஊடு இல்லைன்னு. ரெண்டாவது வாட்டி கையி வரமாட்டீங்குது.”

இருபத்துமூன்று வருஷத்தில் அந்தப் பத்திரத்தைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. விட்டுக்கொடுத்ததில் அவருக்கு வருத்தமே இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பி மேல் அவருக்கு இன்றும் கோபம் இல்லை. ஆனால் எழுதிய அந்த வரி அவருக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

பதினோராவது கட்டத்தைக் காலியாக விட்டு, மற்றதெல்லாம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஹெலனுக்குப் போன் பண்ணி, ஒருவர் பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். உங்கள் பதிலைப் பொறுத்தது என்றார்.

என் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கென்ன, ஒரு வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருப்பதுதானே. பதினோராவது கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். எழுதி முடிக்கும்வரை நன்றாகத்தான் இருந்தேன். தபாலில் போட்டுவிட்டு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எதற்கென்று சரியாகத் தெரியவில்லை. அவரிடம் சொன்னபோது சரி என்று மட்டும் சொன்னார். மூன்று நாள் என்னிடம் நரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

7

பஸ்ஸிலிருந்து இறங்கினேன். மழை பெய்து விட்டிருந்தது. குறுகல் ரோட்டில் நடந்து, வேலிப் படலைத் தள்ளி உள்ளே போனேன். தகரத்துக்கு மேல் புகை தெரிந்தது. அவர் அடுப்பில் பால் வைத்திருந்தார். ஒரு வருஷம் ஆகிவிட்டதென்று அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது. என்னைப் பார்த்துக் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

கடிதத்தை நின்றபடியே பிரித்தேன். முதல் பக்கத்தில் விதிகளின் எண்களாகவே இருந்தன. இரண்டாம் பக்கத்தில்தான் விஷயம். ‘இணை உரிமையாளரான திருமதி அவர்களின் தெளிவான பதிலின் அடிப்படையில் இக்கட்டடம் குடியிருப்பு அல்ல என்று முடிவு செய்யப்படுகிறது. கட்டடம் இருந்தபடியே இருக்கலாம். கணவரின் பதிலின்மை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. அதிகாரிகள் முன்னறிவிப்பின்றி எப்போது வேண்டுமானாலும் பார்வையிடலாம்.’

தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள், இருந்தபடியே இருக்கலாம் என்ற வரியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். அவர் பால் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்கறாங்க?” என்றார்.

“ஊடு இல்லைன்னு ஒத்துக்கிட்டாங்க. இடிக்க மாட்டாங்களாம்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு மெதுவாகக் குனிந்து என் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெறுங்கால். கொட்டகைக்குள்ளே, பாய் மேலே நின்றுகொண்டிருந்தேன். எப்போது உள்ளே வந்தேன், எப்போது கழற்றினேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் வாசலில் என் பூட்ஸ் ஜோடியாக, முனை வெளியே பார்த்து, மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டு நின்றது.

“அந்தம்மா எப்ப வேணா வருமாமல்லோ” என்றார் அவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். “வந்தா அதையத்தான் மொதல்ல எழுதும்.”

நான் போய்ப் பூட்ஸை எடுத்து வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளி, சாக்கை இழுத்து மூடினேன். ஒளித்தால் தப்பு இன்னும் பெரிதாகிவிடும் என்று டெரெக் சொன்னது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. பால் பொங்கி வந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.